தெளிவு பார்த்த சாரதாம்பாள்

சாரதாம்பாள் என்ற பேரை நான் முதலில் கேட்டது நாற்பத்தொன்பதில், கல்யாணமாகி காஜா பெராங்குக்கு வந்த மூணாவது மாசம். என் நாத்தனாருக்கு வளைகாப்பு. யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று மாமியார் விரலை மடக்கி எண்ணிக்கொண்டே வந்தார். ஒரு விரலை மடக்காமல் பாதியில் நிறுத்தினார்.

“சாரதாம்பாளுக்கும் சொல்லு. வந்து சாப்பிட்டுட்டுப் போகட்டும். வளையல் போடுறப்ப மட்டும் கூப்பிடாத.”

யார் அது என்று கேட்டேன். என் வீட்டுக்காரருக்கு அத்தை மகள், என் மாமனாரோடு பிறந்த மூத்தவருடைய ஒரே பெண். முறைப்படி எனக்கு அக்கா.

“புருஷன் இல்லாதவங்களா?”

“அதுதானே தெரியலை” என்றார் மாமியார்.

நாற்பத்துமூணில் ஜப்பான்காரன் சயாம் ரயில் போட ஆள் பிடித்துக்கொண்டு போனான் இல்லையா, அதில் போனவர் அக்காவின் புருஷன் தம்பிராஜா. செத்துப்போனார் என்று ஒருத்தரும் வந்து சொல்லவில்லை. இருக்கிறார் என்று ஒரு காகிதமும் வரவில்லை. அக்கா பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. அதற்காக யாரும் அவளைச் சுமங்கலி என்று முன்னால் கூப்பிட்டு நிறுத்தவும் இல்லை. எந்த விசேஷ வீட்டிலும் சமையல்கட்டுக்கும் கூடத்துக்கும் நடுவில் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். உயரமான பொம்பளை. பேச்சு குறைவு. எதைப் பார்த்தாலும் கண்ணைச் சுருக்காமல் நேராகப் பார்ப்பாள்.

ஒரே மகள் கோகிலா. அவளுக்கு முதல் சம்பந்தம் கிளேபாங்கிலிருந்து வந்தது. எல்லாம் பேசி முடித்துப் பத்திரிகை எழுத உட்கார்ந்தபோது, பெண்ணின் அப்பா பேருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று போடலாமா என்று மாப்பிள்ளையின் பெரியப்பா கேட்டார். அக்கா, போடக் கூடாது என்றாள்.

“அப்ப அவரே வந்து தாரை வார்த்துக் குடுப்பாரா?” என்றார் பெரியப்பா.

எழுந்து போனவர்கள் திரும்பி வரவில்லை. கோகிலாவுக்கு அப்போ பத்தொன்பது வயசு. அதற்கப்புறம் இரண்டு வருஷம் பெண் கேட்டு அந்த வீட்டுப் படி யாரும் ஏறவில்லை.

இனி அக்கா பார்த்த வேலையைச் சொல்ல வேண்டும். கருணாகரன் என்று ஒருத்தர். கோலாலம்பூரில் வெள்ளைக்காரர்கள் கித்தாப் பாலை, ரப்பர் மரத்துப் பாலை, ஆராய்ச்சி பண்ணுகிற இடத்தில் பாட்டில் கழுவச் சேர்ந்து, கலவை போடுகிற அளவுக்கு உயர்ந்தவர். ஐம்பத்தைந்தில் அதை விட்டுவிட்டு வந்து காஜா பெராங் சடக்கோரம், ரோட்டை ஒட்டி, ஒரு தகரக் கொட்டகை போட்டார். அங்கே நாங்கள் செய்தது மெழுகுத்தண்ணி. எங்கள் வாயில் அதற்கு அதுதான் பேர். நான் டின் கழுவினேன். அப்பாசாமி என்று தெங்கேராக்காரர் அடுப்பு பார்த்தார். அண்டாவுக்குப் பொறுப்பு சாரதாம்பாள் அக்கா.

மெழுகுச் சீவலையும் நெடியடிக்கிற ஒரு சிவப்பு எண்ணெயையும் சேர்த்து உருக்கி, காரம் போட்டு, கொதிக்கிற தண்ணியை முகவை முகவையாக விட்டுத் துடுப்பால் கிண்ட வேண்டும். முதலில் களி மாதிரி இறுகும். கை நோகும். விடாமல் கிண்டினால் ஒரு நேரத்தில் சட்டென்று இளகி, கஞ்சித் தெளிவு மாதிரி ஆகிவிடும். அப்போது நெருப்பைத் தள்ளி ஆற வைக்க வேண்டும். சரியாக வந்தால் அது வெள்ளையாக இருக்காது. பக்கவாட்டில் பார்த்தால் சாம்பிராணிப் புகை மாதிரி நீலம் ஓடும், வெயிலுக்கு நேராகப் பிடித்தால் தேன் நிறம் தெரியும்.

கருணாகரன் ஒரு நாள் எங்களுக்கு விளக்கிச் சொன்னார். “அந்த எண்ணெயும் காரமும் சேர்ந்து சோப்பாகுது. சோப்பு மெழுகைச் சின்னச் சின்னத் துளியா உடைச்சிடும். ஒவ்வொரு துளியையும் சுத்தித் தோல் மாதிரி நின்னுக்கிட்டு, ஒண்ணோட ஒண்ணு ஒட்ட விடாது. ஆறினதும் அந்தத் துளி அப்படியே இறுகி உருண்டையாயிடும். ஒரு தலைமயிர் அகலத்துக்கு ஆயிரம் உருண்டை வரிசையா நிக்கும். அவ்வளவு பொடிசு. அதனாலதான் வெளிச்சம் ஊடுருவிப் போகுது.”

“ஆயிரத்தையும் எண்ணிப் பார்த்தீங்களா தவுக்கே?” என்றார் அப்பாசாமி. முதலாளியை நாங்கள் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம்.

“நீங்க விறகை எண்ணிப் போடுங்க, போதும்.”

இந்தத் தண்ணி கையுறை ஆலைக்குப் போகும். கித்தாப் பாலில் இதைக் கலந்து, பீங்கானில் செய்த கையை முக்கி எடுத்தால் டாக்டர் போடுகிற கையுறை. மெழுகு சேராத கையுறை காற்றுப் பட்டு வெடித்துவிடும். சேர்ந்த மெழுகு குருணையாக இருந்தால் அதைவிட மோசம். கையுறை வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசு, குருணை உட்கார்ந்த இடத்தில் ஓட்டை விழும். அந்தக் கையோடு டாக்டர் வயிற்றைக் கிழித்து வைத்தியம் பார்க்கப் போகிறார்.

அதனால் தெளிவு பார்க்கிற வேலை சின்ன வேலை இல்லை. அக்கா சன்னல் கம்பியில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தாள். தேத்தண்ணி கிளாஸில் மெழுகுத்தண்ணி மொண்டு அதற்கு முன்னால் பிடிப்பாள். நூலின் முறுக்கு தெரிந்தால் டின்னில் ஊற்றலாம். தெரியாவிட்டால் கீழே கொட்ட வேண்டும். கருணாகரனே முந்திக்கொண்டு ‘சரிதானே’ என்றாலும் அவள் பார்த்துச் சொன்ன பிறகுதான் டின் மூடி திறக்கும்.

தண்ணியிலும் ஒரு விஷயம் உண்டு. எங்கள் பக்கத்துக் கிணற்றில் சுண்ணாம்புச் சத்து. சோப்பு நுரைக்காது, திரிந்துபோகும். மெழுகுத்தண்ணிக்கும் அதே கதிதான். அதனால் கூரையிலிருந்து விழும் மழைத்தண்ணியை ஒரு சிமெண்டுத் தொட்டியில் பிடித்து வைத்திருந்தோம். தரையோடு தரையாகப் புதைத்த தொட்டி, மேலே பலகை. அதில் கிணற்று வாளியை வைக்கக்கூட அக்கா விட மாட்டாள்.

இரண்டு வருஷம் பக்கத்தில் நின்று வேலை பார்த்த அப்பாசாமிதான் கோகிலாவைத் தன் மகன் நடராஜனுக்குக் கேட்டார். நடராஜன் பஸ் கண்டக்டர். பத்திரிகை விஷயத்தை அப்பாசாமி ஒரே வார்த்தையில் முடித்தார். “பேரை மட்டும் போடுவோம். முன்னாடி ஒண்ணும் வேணாம்.” அவருடைய வீட்டுக்காரி ருக்மணிக்கு இதில் பாதி மனசுதான். “பொட்டு இருக்கு, புருஷன் இல்லை. என்ன கணக்கோ” என்று என் காது கேட்கவே சொன்னாள். ஆனாலும் மகன் பிடிவாதமாக நின்றதால் ஆவணியில் பரிசம் போட்டு இரண்டு வீடும் தட்டு மாற்றிக்கொண்டார்கள். தையில் கல்யாணம். இந்தத் தடவையும் தட்டிப்போனால் கோகிலாவுக்கு இனி ஒருத்தரும் வர மாட்டார்கள். அது அக்காவுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

மெர்டேக்கா ஆகி, சுதந்திரம் கிடைத்து, ஒரு மாசம் இருக்கும். தம்பின் ஊர்ப் பக்கத்துக் கையுறை ஆலை ஒன்று பன்னிரண்டு டின் கேட்டிருந்தது. கொட்டகைக்கு அதுதான் முதல் பெரிய ஆர்டர். சனிக்கிழமை காலையில் லோரிக்கார இப்ராஹீம் வண்டியில் ஏற்ற வேண்டும். புதன்கிழமை ஆயுத பூஜை. மறுநாள் விஜயதசமி நல்ல நாள் என்று அன்றைக்கு அண்டா ஏற்றுவதாகக் கருணாகரன் முடிவு பண்ணினார்.

பூஜை அன்றைக்கு அண்டாவுக்குச் சந்தனம் வைத்து, துடுப்புக்குப் பூச்சுற்றி, எல்லாம் ஆயிற்று. ருக்மணி சுண்டல் கொண்டுவந்திருந்தாள். ஆரத்தி எடுக்கிற நேரத்தில் கருணாகரன், “அக்காவே எடுக்கட்டும், அண்டா அவங்க பொறுப்புதானே” என்றார்.

ருக்மணி தாம்பாளத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். “நல்லது நடக்கிற இடம் தவுக்கே. நான் எடுக்கிறேன். சம்பந்தியம்மாவுக்கு எதுக்குச் சிரமம்.”

எல்லாரும் அக்காவைப் பார்த்தோம். அக்கா நிலையோரம் நகர்ந்துகொண்டாள். “அண்ணி எடுக்கட்டும். நல்ல கை” என்றாள்.

ருக்மணி மஞ்சளும் சுண்ணாம்பும் தாராளமாகவே கரைத்திருந்தாள். இரத்தச் சிவப்பு. அண்டாவைச் சுற்றினாள், அடுப்பைச் சுற்றினாள். போன மாசம் ஒரு அண்டா கொஞ்சம் வெளுத்துப்போனபோது, தொட்டித் தண்ணி மேல் யார் கண்ணோ பட்டுவிட்டது என்று நாங்கள் பேசிக்கொண்டது அவள் காதுக்கும் போயிருக்கும். “கண்ணு பட்டது இங்கதானே” என்று தொட்டியையும் மூணு சுற்று சுற்றி, வாசல்படியில் ஊற்றுகிற மாதிரி அதன் ஓரத்தில் ஊற்றினாள். தாம்பாளத்தையும் அங்கேயே இரண்டு தடவை அலசிவிட்டாள்.

நான் பக்கத்தில்தான் டின் துடைத்துக்கொண்டிருந்தேன். சிவப்புத் தண்ணி பலகை இடுக்குப் பக்கமாக ஓடியதைப் பார்த்தேன். சாக்கடைக்குப் போகிறது என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை காலையில் அண்டா ஏறியது. களியாக இறுகுகிறவரை எல்லாம் ஒழுங்கு. இளகவும் செய்தது. அக்கா கிளாஸில் மொண்டு நூலுக்கு முன்னால் பிடித்தாள். நூல் மங்கலாக ஒரு கோடு மாதிரி தெரிந்தது. “இன்னும் கிண்டு” என்றாள். கிண்டினோம். மறுபடி மொண்டாள். கோடும் போய்விட்டது. ஆற ஆற அண்டா முழுக்கப் பால் மாதிரி வெளுத்து, மேலே பொருக்கு மிதந்தது.

கருணாகரன் கிளாஸைப் பிடுங்கிப் பார்த்தார். “கிணத்துத் தண்ணி யார் ஊத்தினது?”

“யாரும் ஊத்தலை” என்றாள் அக்கா.

“அப்ப இது என்ன?”

அவரே ஒரு சட்டியில் கொஞ்சமாகக் காய்ச்சிப் பார்த்தார். புது மெழுகு, புது எண்ணெய், புதுக் காரம். தண்ணி மட்டும் அதே தொட்டித் தண்ணி. அதுவும் வெளுத்தது. அவருக்கு வேர்த்துக் கொட்டியது. “நாளைக்குள்ள காரணம் தெரியணும். இல்லைன்னா ஆலைக்காரனுக்கு ஆள் அனுப்பி முடியாதுன்னு சொல்லிட்டுக் கொட்டகையைப் பூட்ட வேண்டியதுதான்” என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அக்கா தொட்டிப் பலகையைத் தூக்கினாள். பத்து நாளாக மழை இல்லை, தண்ணி பாதிக்கும் கீழே. உள்சுவரில் மேலிருந்து தண்ணி மட்டம் வரைக்கும் ஒரு காவிக்கோடு இறங்கியிருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தாள். சுண்ணாம்புப் பசை மாதிரி ஒட்டியது. நேற்றுப் பார்த்ததைச் சொன்னேன்.

“பொன்னம்மா, வாயைத் திறக்காத” என்றாள்.

“தண்ணியில சுண்ணாம்பு விழுந்துடுச்சு, அவ்வளவுதானே அக்கா. அவங்க வேணும்னா செஞ்சாங்க?”

“சுண்ணாம்புன்னு நீ சொல்லுவ. அவங்க காதுல அது எப்படி விழும்? ஆரத்தி எடுத்தாங்க, அண்டா திரிஞ்சு போச்சு. ராசியில்லாத கைன்னு நான் சொல்றதா விழும். எனக்கு எடுக்கக் குடுக்கலைங்கிற பொறாமையில சொல்றேன்னு விழும். அப்புறம் கோகிலா எங்க போவா?”

“அப்ப நம்ம தப்புன்னு சொல்லிடுவோம்.”

“சொல்லலாம். நான்தான் கிணத்துத் தண்ணி ஊத்தினேன்னு சொல்லிடலாம். ஆனா தொட்டியில இருக்கிறது இதே தண்ணி. நாளைக்கும் திரியும்.”

அதுதான் சிக்கல். யார் மேல் பழியைப் போட்டாலும் தண்ணி கேட்காது. தண்ணியை வெளியேற்றினால்தான் அண்டா தெளியும். மழை இல்லாத நேரத்தில் மழைத்தண்ணியைக் கொட்டினால் காரணம் சொல்லியே ஆக வேண்டும்.

மத்தியானம் அப்பாசாமி சாப்பிடப் போன நேரம் பார்த்து, அக்கா வாளியால் தொட்டியை இறைக்க ஆரம்பித்தாள். நான் வாங்கி வாங்கிச் சாக்கடையில் கொட்டினேன். இருபது வாளி போயிருக்கும். அப்பாசாமி வெற்றிலை மென்றுகொண்டே திரும்பி வந்துவிட்டார்.

“என்ன சம்பந்தியம்மா இது?”

“உள்ள பல்லி விழுந்து கிடக்கு அண்ணே.”

“பல்லிக்காகவா தொட்டியையே இறைக்கிறீங்க? எங்க, காட்டுங்க, எடுத்துப் போடுறேன்.”

“எடுத்துட்டேன்.”

“எடுத்த பல்லி எங்க?”

அக்கா அடுத்த வாளியைத் தூக்கினாள். அதற்குள் கருணாகரனும் வந்து நின்றார். ஓடுகிற தண்ணியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. “அக்கா, இருக்கிறதே இவ்வளவுதான். யாரைக் கேட்டு இறைக்கிறீங்க?”

“தண்ணி கெட்டுப்போச்சு தவுக்கே.”

“எதனால?”

அக்கா வாளியைக் கீழே வைத்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்பாசாமி குனிந்து தொட்டிக்குள் பார்த்தார். காவிக்கோட்டையே வெகுநேரம் பார்த்தார். மெல்லுவது நின்றுபோயிற்று. வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

“என் வீட்டுக்காரி ஊத்தினது” என்றார். “அதைச் சொல்லத்தான் உங்களுக்கு இவ்வளவு கஷ்டமா?”

“அண்ணே, அது சுண்ணாம்பு. வேற ஒண்ணும் இல்லை.”

“எனக்குத் தெரியும் சம்பந்தியம்மா. ரெண்டு வருஷமா கிணத்து வாளி இந்தப் பக்கம் வர நீங்க விட்டதில்லை.” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “வீட்டுல போய் நான் இதை எப்படிச் சொல்லுவேன்னுதான் தெரியலை.”

மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. கருணாகரன் பக்கத்தில் தமிழ் மறந்து மலாய் பேசுகிற செட்டி மக்கள் வீடுகளில் அவர்கள் பாஷையிலேயே கேட்டு, அவர்கள் பீப்பாயில் பிடித்து வைத்திருந்த மழைத்தண்ணியை வாங்கிக்கொண்டு வந்தார். தொட்டியைத் தேய்த்துக் கழுவிவிட்டு, வாங்கி வந்த தண்ணியைத் தொட்டியில் விடாமல் நேரே அண்டாவில் ஊற்றினோம். நான் அடுப்பு பார்த்தேன், தவுக்கே துடுப்புப் பிடித்தார். இளகியதும் அக்கா கிளாஸைத் தூக்கிப் பிடித்தாள். நூலின் முறுக்கு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கருணாகரன் அப்படியே விறகுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா முகத்தில் ஒன்றும் இல்லை. அவளுடைய நினைப்பு தெங்கேராவில், அப்பாசாமி வீட்டில் இருந்தது.

சனிக்கிழமை காலை இப்ராஹீம் லோரியோடு வந்தார். அவரும் தெங்கேரா ஆள், அப்பாசாமிக்குப் பக்கத்து வீடு. பன்னிரண்டு டின்னையும் ஏற்றிக் கயிறு கட்டிவிட்டு, அக்கா இருந்த பக்கம் பார்க்காமலே பேசினார்.

“அக்கா, நான் டின் ஏத்துற ஆள். இதெல்லாம் என்கிட்ட சொல்லிவிட வேணாம்னுதான் சொன்னேன். கேட்க மாட்டேன்னுட்டாங்க. நாளைக்குக் காலையில பரிசத் தட்டு திரும்பி வருமாம்.”

“யார் சொன்னது, அண்ணனா, அண்ணியா?”

“அண்ணிதான். அவர் முற்றத்துல உட்கார்ந்து விறகு பொளந்துக்கிட்டே இருக்காரு. ஒரு வருஷத்துக்குப் பொளந்துட்டாரு.”

லோரி போனது. அக்கா அண்டாவின் அடியில் மிச்சம் இருந்ததை ஒரு ஆரஞ்சுப் பாட்டிலில் ஊற்றித் தக்கை அடைத்தாள். “நீ வா” என்றாள். கோகிலாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் நடராஜன் இருப்பானோ என்று நடந்தே போனோம். உச்சி வெயில்.

ருக்மணி வாசலில் நின்றாள். கூடத்து மேசையில் பரிசத் தட்டு, சிவப்புத் துணி போட்டு மூடி, தயாராக இருந்தது.

“வாங்க சம்பந்தியம்மா. நாளைக்குத்தான் அனுப்பலாம்னு இருந்தேன். கையோட எடுத்துட்டுப் போக வந்துட்டீங்களா?”

“தண்ணி குடுங்க அண்ணி. வெயில்ல வந்தோம்.”

தண்ணி கேட்டவருக்குக் கொடுக்காமல் இருக்க முடியுமா. இரண்டு செம்பு கொண்டுவந்து வைத்தாள். அக்கா குடித்து முடிக்கும்வரை நின்றுவிட்டு ருக்மணி ஆரம்பித்தாள்.

“என் கை பட்டு அண்டா திரிஞ்சுபோச்சுன்னு சொன்னீங்களாமே.”

“நான் ஒரு வார்த்தை சொல்லலை அண்ணி.”

“வாயால சொல்லலை. தொட்டியை இறைச்சுக் காட்டினீங்க. நல்ல கைன்னு முதல் நாள் சொன்ன வாய். நாலு புள்ளை பெத்து நாலையும் பொழைக்க வச்ச கை இது. இதுக்கு ராசி இல்லை. இருக்காரா இல்லையான்னு தெரியாத ஆளுக்குப் பொட்டு வச்சிருக்கிற கைக்குத்தான் ராசி, இல்லையா?”

அப்பாசாமி முற்றத்திலிருந்து, “ருக்கு” என்றார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அக்கா பாட்டிலின் தக்கையைப் பிடுங்கினாள். “ரெண்டு கிளாஸ் வேணும்” என்றாள். அப்பாசாமி எழுந்து வந்து எடுத்துக் கொடுத்தார். சன்னல் திண்டில் வைத்துப் பாட்டிலிலிருந்து இரண்டிலும் பாதி பாதி ஊற்றினாள். சுவரில் தொங்கிய நாள்காட்டியைக் கழற்றி அதற்குப் பின்னால் சாய்த்தாள். இரண்டு கிளாஸ் வழியாகவும் தேதி தெரிந்தது.

“மஞ்சள் மட்டும் கரைச்ச தண்ணியை இதுல விடுங்க அண்ணி. சுண்ணாம்புத் தண்ணியை அதுல விடுங்க. நான் தொடலை. ரெண்டும் உங்க கையாலயே ஆகட்டும்.”

“எதுக்கு? ரெண்டும் திரிஞ்சா இன்னும் நல்லாப் பேசலாமே, அதுக்கா?”

“ரெண்டும் திரிஞ்சா தட்டை நானே தூக்கிட்டுப் போயிடுறேன். கோகிலாவுக்கு என்ன சொல்லணுமோ நான் சொல்லிக்கிறேன்.”

ருக்மணி அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு உள்ளே போய் மஞ்சள் கரைத்துக்கொண்டு வந்து முதல் கிளாஸில் விட்டாள். விட்டதும் அது சிவக்க ஆரம்பித்தது. மஞ்சளுக்குக் காரம் பட்டால் சிவக்கும், அது எனக்குத் தெரியும். ருக்மணியின் முகம் வெளிறியது. அக்கா அசையவில்லை.

“நிறத்தைப் பார்க்காதீங்க. தேதி தெரியுதா, அதைப் பாருங்க.”

ருக்மணி குனிந்தாள். அஞ்சு என்ற எண் சிவப்புக்குள் தெளிவாக நின்றது.

வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பைக் கிள்ளித் தண்ணியில் கரைத்து இரண்டாவது கிளாஸில் விட்டாள். ஊற்றி முடிப்பதற்குள் அது திரிந்தது. மோர் உடைந்த மாதிரி திப்பி திப்பியாகக் கட்டி, நாள்காட்டியே மறைந்துபோயிற்று.

“நீங்க ஊத்துங்க” என்று அப்பாசாமியைப் பார்த்துச் சொன்னாள் ருக்மணி. இன்னொரு கிளாஸ் வந்தது. அவர் ஊற்றினார். திரிந்தது. “பொன்னம்மா, நீ ஊத்து.” நான் ஊற்றினேன். திரிந்தது. அதோடும் விடவில்லை. சன்னலுக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்ட இப்ராஹீம் வீட்டு ரஹீமாவைக் கூப்பிட்டாள். எதற்கு என்றே தெரியாமல் அந்தப் பிள்ளையும் ஈரக் கையோடு வந்து ஊற்றிவிட்டு, “என்னக்கா இது, பால் கெட்டுப்போச்சா?” என்றாள். பாட்டில் காலியாகிவிட்டது.

ருக்மணி நாற்காலியில் உட்கார்ந்தாள். “அப்ப சுண்ணாம்புதான்.”

“சுண்ணாம்புதான் அண்ணி.”

“அன்னைக்கே என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா பொறாமைன்னு சொல்லியிருப்பீங்க.”

ருக்மணி யோசித்தாள். “சொல்லியிருப்பேன்” என்றாள்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. ருக்மணி தட்டின் மேல் கையை வைத்துக்கொண்டே பேசினாள். “தட்டு இருக்கட்டும். ஆனா ஒண்ணு. என் மருமகளோட அம்மா நின்னு பார்க்கிற இடத்துல என் வீட்டுக்காரர் அடுப்புத் தள்ளக் கூடாது. நாலு பேர் முன்னாடி அவர் தலைகுனிஞ்சது போதும். நீங்க அந்த வேலையை விட்டுடுங்க.”

அக்கா தட்டைப் பார்த்தாள். அந்தச் சிவப்புத் துணிக்குள்ளேதான் கோகிலா இருந்தாள். சரி என்று சொல்லப்போகிறாள் என்றே நினைத்தேன்.

“வேலையை விட மாட்டேன் அண்ணி. வேற எதுன்னாலும் கேளுங்க.”

“இதைத்தான் கேட்கிறேன்.”

“புருஷன் போன பதினாலு வருஷத்துல நான் எங்க நிக்கணும்னு மத்தவங்கதான் சொல்லியிருக்காங்க. அந்தச் சன்னல்கிட்ட மட்டும்தான் யாரும் என்னை நகருன்னு சொன்னதில்லை.” குரல் உயரவில்லை. “கோகிலாவுக்கும் அது தெரியும். வேலையை விட்டுட்டுத் தட்டைக் காப்பாத்திட்டு வந்தேன்னு சொன்னா அவ என்னை மன்னிக்க மாட்டா.”

ருக்மணியின் விரல்கள் துணியின் ஓரத்தைப் பிடித்தன. தூக்கிக் கொடுத்துவிடப் போகிறாள் என்று நான் எழுந்தே விட்டேன்.

அப்பாசாமி வந்து தட்டை அவள் கைக்குக் கீழிருந்து எடுத்தார். கொண்டுபோய் சாமி மேடையில் வைத்துவிட்டு வந்து துண்டால் கையைத் துடைத்தார். “இப்ராஹீமுக்கு லோரியில ஆள் வேணும்னு நாலு மாசமா கேட்டுக்கிட்டு இருக்கான். எனக்கும் அந்த அனலு ஒத்துக்கலை. திங்கக்கிழமையிலிருந்து நான் லோரிக்குப் போறேன். சம்பந்தியம்மா அவங்க இடத்துல இருக்கட்டும். உனக்கு இப்ப என்ன?”

ருக்மணி தட்டு இருந்த இடத்திலிருந்து கையை எடுத்தாள். “அந்த லோரியில மூட்டை தூக்கினா இடுப்பு போகும்” என்றாள்.

“போனா நீ எண்ணெய் தேய்ச்சு விடு.”

அவள் சிரிக்கவில்லை. ஆனால் தட்டைத் திரும்ப எடுக்கவும் போகவில்லை.

தையில் கல்யாணம் நடந்தது. ருக்மணி அக்காவோடு நேராகப் பேச ஒன்றரை வருஷம் ஆயிற்று. அதுவரை எதுவானாலும் கோகிலா வழியாகத்தான். “உங்க அம்மாவைச் சாப்பிடச் சொல்லு” என்று அக்கா எதிரிலேயே சொல்லுவாள், கோகிலா திரும்பி அதையே அக்காவிடம் சொல்லுவாள். அப்பாசாமி ஏழு வருஷம் அந்த லோரியில் எங்கள் டின்களையே ஏற்றி இறக்கினார். தம்பிராஜா வரவில்லை. அக்கா பொட்டை அழிக்கவும் இல்லை. எழுபதில் கொட்டகை மூடுகிறவரை தெளிவு பார்த்தது அவள்தான்.

சாரதாம்பாள் அக்காவுக்கு இப்போது எண்பது வயசு. புக்கிட் பாருவில் கோகிலா, நடராஜன் வீட்டில், சடக்கைப் பார்த்த முன்னறையில் இருக்கிறாள்.